மஞ்சளித்த கம்ப்யூட்டருக்கு மொட்டை மாடி வைத்தியம்

வெள்ளை வேட்டியில் மஞ்சள் கறை பட்டால் என்ன செய்வோம்? சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் உலர்த்துவோம். கறை இருந்த இடம் தெரியாது. பழைய கம்ப்யூட்டர் மஞ்சளித்துப் போனாலும் அதே சூரியன்தான் கைகொடுக்கிறான்!

எங்கள் அண்ணா அரக்கோணத்திலிருந்து தினமும் சீஸன் டிக்கெட்டில் சென்னைக்கு வேலைக்குப் போய் வந்தவர். சிறுகச் சிறுகச் சேர்த்து 1999-ல் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அண்ணா இப்போது இல்லை. கீபோர்டும் மவுஸும் பழுத்த பூவரச இலை மாதிரி ஆகிவிட்டன. "எடைக்குப் போட்டுடலாமே" என்றவர்களுக்கு அண்ணி பதிலே சொல்லவில்லை.

இது அழுக்கு இல்லை. தேய்க்கத் தேய்க்கக் கீறல்தான் விழும். ஏ.பி.எஸ். என்ற அந்தப் பிளாஸ்டிக், காற்றும் ஒளியும் சூடும் பட்டுத் தானே நிறம் மாறுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடில் அதை ஊறவைத்து வெயில் காட்டினால், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அந்த மருந்தைத் தூண்டிவிட்டு மஞ்சளை வெளுக்க வைக்கிறது. மேல்நாட்டில் பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் 2008-ல் இதற்கு 'ரெட்ரோபிரைட்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

மருந்துக் கடையில் புண் கழுவ விற்கும் 6 சதவீதப் பெராக்சைடே போதும். கீபோர்டின் பொத்தான்களை மட்டும் கழற்றிக் கழுவி, கண்ணாடிப் பாத்திரத்தில் முழுக மூழ்கவிட்டு, மேலே மெல்லிய கண்ணாடித் தாளைத் தளர்வாகப் போர்த்தி மாடியில் வைத்தோம். இறுக மூடக்கூடாது, வாயு சேரும். மணிக்கொரு தரம் புரட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் திட்டுத் திட்டாக வெளுக்கும். நம்மூர்ச் சித்திரை வெயில் வேண்டாம், மெல்லிய பிளாஸ்டிக் நெளிந்துவிடும். தை, மாசி வெயிலே நல்லது. மாலைக்குள் எழுத்துப் பொத்தான்கள் வெளுத்துவிட்டன. நீளமான ஸ்பேஸ் பார் மட்டும் பிடிவாதமாக இன்னொரு நாள் கேட்டது. அண்ணி ஒவ்வொன்றாகத் துடைத்து, அதனதன் இடத்தில் தானே பொருத்தினார்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களே, இதைக் கவனியுங்கள். பெராக்சைடு பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். டம்ளரிலோ குடிநீர் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை ஏறி வரும் மாடியானால் இந்த வேலையே வேண்டாம். கையுறை அவசியம், கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். "தண்ணி சுத்தம் பண்ற மெஷின்ல யூ.வி. லைட் இருக்கே, அதைக் கழட்டிக்கலாமா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். கூடவே கூடாதம்மா, அது கண்ணையும் தோலையும் கெடுக்கும். பழைய டப்பா மானிட்டரையும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

வெளுத்த பிளாஸ்டிக் சில வருஷத்தில் மறுபடி மஞ்சளிக்கலாம். ஜன்னலோரம் வைக்காமல், துணி உறை போட்டு அலமாரிக்குள் வையுங்கள்.