அப்பா கடைக்கு ஒரு பேக்கப்!

என்ன மக்களே, செமஸ்டர் லீவுக்கு ஊருக்குக் கிளம்பியாச்சா? துணிமணியோடு இந்த ஒரு பக்கத்தையும் பையில் போட்டுக்குங்க. வேலை இருக்கு!

உங்க வீட்டிலோ சொந்தத்திலோ கட்டாயம் ஒரு கடை இருக்கும். மெடிக்கல், மளிகை, ஜவுளி... எதுவா வேணா இருக்கட்டும். கல்லாவுக்குப் பக்கத்தில், சாமி படத்துக்குக் கீழே, தூசி படிஞ்ச கம்ப்யூட்டர் ஒண்ணு உறுமிக்கிட்டே இருக்கும். பில் போடுறது, ஸ்டாக் பார்க்கிறது, யார் எவ்வளவு பாக்கின்னு குறிச்சு வைக்கிறது, எல்லாம் அதில்தான். நாம பாடத்தில் படிக்கிற 'சர்வர்' அந்தக் கடைக்கு அதுதான் பாஸ். நாளைக்குக் காலையில் அது ஆன் ஆகலைன்னா?

புது மெஷின் வாங்கிடலாம். பாக்கிக் கணக்கை எந்தக் கடையில் வாங்குறது? கடன் வாங்கினவங்க எல்லாம் தானா வந்து கட்டிடுவாங்களா என்ன? ஜி.எஸ்.டி. சட்டம் வேற, வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாசம் வரை கணக்குகளைப் பத்திரமா வெச்சிருக்கச் சொல்லுது. 'ஹார்ட் டிஸ்க் போச்சு சார்'னு தலையைச் சொறிஞ்சா ஆபீசர் விட்டுடுவாரா?

"அதெல்லாம் பென் டிரைவ்ல காப்பி இருக்குப்பா"ன்னு அப்பா சொல்வார். எங்கேன்னு கேளுங்க. அதே கம்ப்யூட்டரில் சொருகியபடியே இருக்கும்! ரேன்சம்வேர் வைரஸ் வந்தால், கம்ப்யூட்டரில் இருக்கிறதோடு சேர்த்து சொருகியிருக்கிற டிரைவையும் பூட்டிடும். 2015 டிசம்பரில் சென்னையில் வந்த மாதிரி வெள்ளம் வந்தால், மேசைக்கு அடியில் இருக்கிற சி.பி.யூ.வும் டிராயரில் இருக்கிற காப்பியும் ஒண்ணாத்தானே முங்கும்?

சின்னக் கடையை விடுங்க. சாஃப்ட்வேர்காரங்களே தங்களோட புரோகிராமைச் சேமிச்சு வைக்கிற 'கிட்லேப்' தளத்தில் 2017 ஜனவரி 31 அன்னிக்கு நடந்ததைக் கேளுங்க. ராத்திரி நேரம். டேட்டாபேஸோட ரெண்டாவது சர்வரில் தகராறு. அதைச் சரிபண்ண உட்கார்ந்த இன்ஜினீயர், ரெண்டாவது சர்வர்னு நினைச்சு மெயின் சர்வரில் அழிக்கிற கமாண்டைத் தட்டிட்டார். சுதாரிச்சு நிறுத்துறதுக்குள்ள, 300 ஜி.பி. அளவில் இருந்தது 4.5 ஜி.பி. ஆகிப்போச்சு.

சரி, பேக்கப் இருக்குமேன்னு போய்ப் பார்த்தாங்க. பேக்கப் இருக்கவேண்டிய இடம் காலி! பேக்கப் எடுக்கிற சாஃப்ட்வேரோட வெர்ஷனும் டேட்டாபேஸ் வெர்ஷனும் ஒத்துப்போகாம, அது தினமும் ஃபெயில் ஆகிட்டிருந்திருக்கு. 'ஃபெயில் ஆயிடுச்சு'ன்னு சொல்லவேண்டிய மெயிலும் வந்து சேரலை. வேற வேலைக்காக அதே இன்ஜினீயர் ஆறு மணி நேரம் முன்னாடி கையால் எடுத்து வெச்சிருந்த ஒரு காப்பிதான் மானத்தைக் காப்பாத்துச்சு. அதைத் திரும்ப ஏத்தித் தளத்தைத் திறக்கச் சுமார் 18 மணி நேரம். நடுவில் பதிவானதெல்லாம் போனது போனதுதான். ஒளிக்காம அவங்களே எல்லாத்தையும் எழுதி வெளியிட்டதால்தான் இன்னிக்கு நாம படிக்கிறோம். அதுக்கு ஒரு சல்யூட்!

'கோட் ஸ்பேசஸ்'னு இன்னொரு கம்பெனி. பாவம், திரும்ப எழுந்திருக்கவே இல்லை. 2014 ஜூனில் அவங்க கிளவுட் அக்கவுன்ட்டுக்குள் புகுந்து பணம் கேட்டான் ஒருத்தன். பாஸ்வேர்டுகளை மாத்தி மீட்கப் பார்த்ததும், கண்டபடி அழிக்க ஆரம்பிச்சுட்டான். பேக்கப்பில் பெரும்பகுதியும் அதே அக்கவுன்ட்டில்தான் இருந்துச்சு. கடை மூடல்!

சரி, நாம என்ன பண்ணலாம்? பீட்டர் க்ரோக்னு ஒரு அமெரிக்க போட்டோகிராபர், படங்களைத் தொலைக்காம இருக்கச் சொன்ன கணக்கு ரொம்ப சிம்பிள்: 3-2-1. மொத்தம் மூணு காப்பி. ரெண்டு விதமான சாதனத்தில். அதில் ஒண்ணாவது வேற இடத்தில். கடைக்குச் சொல்லணும்னா, கம்ப்யூட்டரில் ஒண்ணு, தினமும் சாயங்காலம் சொருகி எடுத்துட்டுக் கழட்டி வைக்கிற எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒண்ணு, கிளவுடிலோ வீட்டு பீரோவிலோ ஒண்ணு. கிளவுடில் தானா 'சிங்க்' ஆகுதேன்னு நிம்மதியா இருக்காதீங்க. இங்கே அழிச்சா அங்கேயும் அழியும். தேதி போட்டுத் தனித்தனிக் காப்பியா வைக்கணும்.

அப்புறம் அப்பாகிட்ட ரெண்டே கேள்வி. எத்தனை நாள் பில்லைத் திரும்ப உட்கார்ந்து போட முடியும்? 'ஒரு நாள்'னா, பேக்கப் தினமும் எடுக்கணும். எத்தனை மணி நேரம் கம்ப்யூட்டர் இல்லாம கடை ஓடும்? 'அரை நாள்'னா, மாத்து மெஷின் யார்கிட்ட கிடைக்கும்னு இப்பவே பேசி வைக்கணும். சர்வீஸ்காரர் நம்பர், பாஸ்வேர்டு இருக்கிற இடம், கையால் பில் போட ஒரு பில் புக், இதையெல்லாம் ஒரு பேப்பரில் எழுதி வைங்க. கம்ப்யூட்டரில் டைப் பண்ணி அதிலேயே சேவ் பண்ணினா, அதுவும் சேர்ந்து போயிடும் சாமி!

கடைசியா, முக்கியமானது. ஞாயித்துக்கிழமை கடை லீவுதானே? அந்த பேக்கப்பை வேற ஒரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க. கடை மெஷினில் வேணாம், இருக்கிற கணக்கு மேல அது உட்கார்ந்துடும். நேத்து ராத்திரி போட்ட கடைசி பில் அதில் தெரியுதா? எவ்வளவு நேரம் ஆச்சு? குறிச்சுக்குங்க.

தெரியலைன்னா பயப்படாதீங்க. ஒரிஜினல் கணக்கு இன்னும் கடையில் பத்திரமா இருக்கு. சரிபண்ண உங்களுக்கு லீவும் இருக்கு. அப்பா போடுற டீயைக் குடிச்சுட்டு உட்காருங்க!