வாதியே தீர்ப்புச் சொல்லலாமா?

ஏனாத்தூரில் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார்: "வக்கீல்கள் குடித்துவிட்டுக் கோர்ட்டுக்கு வருகிறார்கள், கூச்சல் போடுகிறார்கள். ஜட்ஜே அவர்களுடைய சன்னதைப் பிடுங்கி விரட்டினால் என்ன குடி முழுகிவிடும்?" என்று. வக்கீலால் மோசம் போன குடியானவன் வேறெப்படிக் கேட்பான்? ஆனால் பிடுங்குகிற கை எது என்று யோசிக்க வேண்டாமா?

2016 மே மாதத்தில் சென்னை ஹைகோர்ட்டு 14-ஏ முதல் 14-டி வரை புதிய விதிகள் செய்தது. ஜட்ஜின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்குவது, ரிக்கார்டைத் திருத்துவது, குடித்துவிட்டு வருவது குற்றம் என்றது. சரி, யார் வேண்டாமென்பார்கள்? ஆனால் ஜட்ஜுகள்மீது ஆதாரமில்லாத புகார் பரப்புவதும், கோர்ட்டு வளாகத்தில் ஊர்வலம் போவதும் அந்தப் பட்டியலிலேயே சேர்ந்தன. இவற்றுக்காக ஹைகோர்ட்டும் ஜில்லா கோர்ட்டும் தாங்களே வக்கீலைத் தொழில் செய்யாமல் தடுக்கலாம். விசாரணை முடியுமுன்பே இடைக்கால உத்திரவும் போடலாம் என்றது. அதாவது, புகாருக்கு ஆளானவர்களே புகார் பொய்யென்று தீர்மானித்து, சொன்னவன் வாயையும் வயிற்றையும் சேர்த்துக் கட்டலாம்! இதற்குப் பெயர் நீதியா என்று கேட்கிறோம்.

1908-இல் தண்டிக்கப்பட்ட வ.உ. சிதம்பரனார் சன்னதை இழந்தார். பிற்காலத்தில் வாலேஸ் என்ற வெள்ளைக்கார ஜட்ஜின் உதவியால் அது திரும்பக் கிடைத்தது. நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வாலேஸ் நல்லவர். அந்த இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால்? ஒருவன் பிழைப்பு இன்னொருவன் தயவில் தொங்குமானால் அங்கே மானம் ஏது? ஜட்ஜுக்குப் பயந்த வக்கீல் உமக்காக எப்படி வாய் திறப்பான்?

1995-இல் சுப்ரீம் கோர்ட்டே வி.சி. மிஸ்ரா என்ற வக்கீலின் சன்னதை, கோர்ட்டு அவமதிப்புக்காக 3 வருஷம் நிறுத்தி வைத்தது. 1998-இல் 5 ஜட்ஜுகள் கூடி, அவமதிப்புக்குத் தண்டிக்கலாம், சன்னதில் கை வைப்பது பார் கவுன்சிலின் வேலை என்று அதைத் திருத்தினார்கள். ஆர். முத்துகிருஷ்ணன் என்ற வக்கீல் தொடுத்த வழக்கில், 2019 ஜனவரி 28-இல் சென்னை விதிகளும் சுப்ரீம் கோர்ட்டில் ரத்தாயின. ஜட்ஜும் மனிதரே, தவறக்கூடியவரே என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நிற்க. வக்கீல்கள் இதைப் படித்துக் கைதட்ட வேண்டியதில்லை. 1961-ஆம் வருஷத்து வக்கீல் சட்டம் விசாரிக்கும் அதிகாரத்தைப் பார் கவுன்சிலின் 3 பேர் கமிட்டிக்குக் கொடுத்திருக்கிறது. கண்டிக்கலாம், நிறுத்தி வைக்கலாம், பெயரையே அடிக்கலாம். ஒரு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் பிராது அகில இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். இந்தக் கெடுவை 2021-இல் சுப்ரீம் கோர்ட்டு நினைவூட்ட வேண்டி வந்ததே, அது யாருக்கு வெட்கம்?

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். நிலமும் வேதமும் உள்ளவனுக்கு மாத்திரம் இடம் கொடுத்த அந்தச் சபைகூட, கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினனும் குடவோலைக்கு ஆகார் என்று 1,100 வருஷத்துக்கு முன் எழுதி வைத்தது. பதில் சொல்ல வேண்டியவன் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இது ஜட்ஜுக்கும் பொருந்தும், தம் இனத்தாரைக் காப்பாற்றும் வக்கீல் கமிட்டிக்கும் பொருந்தும்.

ஆகவே தோழர்களே! உங்கள் பணத்தை ஒரு வக்கீல் விழுங்கினால் ஜட்ஜ் தண்டிப்பார், சாமி கேட்கும் என்று காத்திராதீர்கள். பார் கவுன்சிலுக்குப் பிராது எழுதுங்கள். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வருஷம் முடிந்ததும் "ஏன் முடியவில்லை?" என்று கேளுங்கள். கேட்காதவனுக்கு எந்தச் சட்டமும் ஏட்டுச் சுரைக்காய்தான்.