மடியை நிரப்புவது ஏ1 அல்ல

கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வளர்த்த மாடுகள் குறைவாகக் கறந்ததற்கு அவற்றின் ‘ஏ2’ மரபணுவே காரணம், ஃபிரீசியன் குடம் குடமாய்க் கறப்பது ‘ஏ1’ பலத்தால் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் ஏ2 நெய் விலை கூடுதலாக இருப்பதற்கும் இதையே காரணமாக்குகிறார்.

இந்திய நாட்டினங்களில் ஏ2 மிகுதி, அதுவரை சரி. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு பீட்டா கேசீன் புரதத்தின் 67ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம்: ஏ2-வில் புரோலின், ஏ1-இல் ஹிஸ்டிடின். அதுவா மடியை நிரப்புகிறது? குவெர்ன்சி இனத்திலும் ஏ2-தான் அதிகம். அதை வற்றல் மாடு என்பாரா? ஹோல்ஸ்டீன் ஃபிரீசியனிலேயே ஏ2 மாடுகள் ஏராளம்.

கேசீன் மரபணுக்கள் நான்கும் 6ஆம் குரோமோசோமில் ஒட்டியே கிடக்கின்றன. ஒன்றின் வேலை பக்கத்து மரபணுவின் கணக்கில் ஏறிவிடும். பால் அளவு குறித்த ஆய்வுகள் முரண்படுவதற்கு இது ஒரு காரணம். கப்பா கேசீனின் ‘பி’ வடிவம் பாலாடைக்கட்டி விளைச்சலைக் கூட்டுவது மட்டும் ஓரளவு உறுதி. கொழுப்பைக் கூட்டிப் பாலைக் குறைக்கும் வடிவம் ஒன்றைக் கொண்ட டிஜிஏடி1 மரபணு இருப்பதோ 14ஆம் குரோமோசோமில். அது பால்புரத மரபணுவே இல்லை.

வெட்டிய புல்லும் செம்பனைப் புண்ணாக்கும் தின்று, கிள்ளான் புழுக்கத்தில் மூச்சிரைக்கும் மாட்டிடம் தீவனக் கணக்கை யாராவது கேட்டார்களா? அது போகட்டும். நண்பர் எந்த மாட்டின் மரபணுவைச் சோதித்தார்?