குழந்தையின் வலியும் வலியே!

பச்சிளங்குழந்தைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று மருத்துவர்கள் பலர் நம்பிய காலம் வெகு தொலைவில் இல்லை. 1985-இல் வாஷிங்டனில், குறைமாதத்தில் பிறந்த குழந்தை ஒன்றுக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தை மட்டும் கொடுத்து அறுவை சிகிச்சை செய்தனர். வலியைப் போக்க மருந்து எதுவும் தரப்படவில்லை. தாய் அதை வெளியுலகுக்குச் சொன்னபோது அமெரிக்கா அதிர்ந்தது. வலி மருந்தின்றி அறுவைக்குள்ளாகும் குறைமாதக் குழந்தைகளின் உடல் கடும் பாதிப்புக்கு உள்ளாவதை, இந்தியாவில் மருத்துவம் பயின்ற கே.ஜே.எஸ். ஆனந்த் தலைமையிலான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு 1987-இல் மெய்ப்பித்தது.

இன்று பொதுவாக மயக்க மருந்தின்றிக் குழந்தையின் உடலில் கத்தி வைப்பதில்லை. ஆனால், மயக்கம் தெளிந்த பிறகு என்ன நடக்கிறது? அழுகையைப் பசி என்றும் பயம் என்றும் நாம் ஒதுக்கிவிடுகிறோம்.

இதற்கு எளிய வழி உண்டு. குடலிறக்கம் போன்ற அறுவைகளின்போது, குழந்தை மயக்கத்தில் இருக்கையிலேயே முதுகெலும்பின் அடிமுனையில் மரத்துப்போகும் ஊசியைச் செலுத்துவது பல்லாண்டுப் பழக்கமுள்ள முறை. சில மணி நேரம் வலி தெரியாது. சுவாசத்தைத் தளர்த்தும் மார்ஃபின் வகை மருந்துகளின் தேவையும் குறைகிறது. அவ்வகையைச் சேர்ந்த கோடீனை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்ததை இங்கே நினைவுகூர வேண்டும்.

முதுகில் ஊசியா எனப் பெற்றோர் அஞ்சுவது இயல்பு. தண்டுவடம் முடியும் இடத்துக்கும் கீழேதான் இந்த ஊசி போடப்படுகிறது. அதே வேளையில், மருந்தின் அளவு மிகுந்தால் இதயத்தைப் பாதிக்கும். எனவே எடைக்கேற்ற அளவும், தேர்ந்த மயக்கவியல் மருத்துவரும், தொடர் கண்காணிப்பும் கட்டாயம்.

குறை மருந்தில் இல்லை. நம் கவனத்தில் இருக்கிறது என்பதே என் கருத்து. பேசத் தெரியாத குழந்தையின் முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்கும் தன்மை ஆகியவற்றைக் கொண்டு வலிக்குப் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இடும் முறை 1997 முதலே இருக்கிறது. உடல் வெப்பத்தைக் குறிக்கும் அட்டையில் இந்த மதிப்பெண்ணுக்கும் ஓர் இடம் வேண்டும். ஊசியின் பலன் தீர்வதற்கு முன்பே அடுத்த வலி மருந்து தரப்பட்டதா என்பதும் அதில் பதிவாக வேண்டும்.

அறுவைக்கு ஒப்புதல் அளிக்கும் முன், "இன்றிரவு குழந்தையின் வலிக்கு என்ன ஏற்பாடு?" என்று பெற்றோர் கேட்கட்டும். அதற்கு விடையளிப்பதும் மருத்துவக் கடமைதான்.