சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்: ஆலைக் குழாய்களின் கணக்கில் தரவு ஏன் இவ்வளவு முக்கியம்?

1974 ஜூன் 1, சனிக்கிழமை மாலை. இங்கிலாந்தின் ஃப்ளிக்ஸ்பரோ என்ற ஊருக்கு அருகே, நைலானுக்கான மூலப்பொருள் தயாரிக்கும் ரசாயன ஆலை ஒன்று வெடித்துச் சிதறியது. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். அது மட்டும் வார நாளாக இருந்திருந்தால் பலி இன்னும் பல மடங்கு ஆகியிருக்கும்.

இத்தனைக்கும் காரணம் ஒரு தற்காலிகக் குழாய் என்றது விசாரணை நீதிமன்றம். ஆலையில் வரிசையாக ஆறு ரியாக்டர்கள் இருந்தன. ஐந்தாவதில் விரிசல் விட்டதால் அதைக் கழற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் 20 அங்குலக் குழாயால் இணைத்தார்கள். அந்தக் குழாய்க்கு இருந்த ஒரே வரைபடம், பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்ட கோடுதான்.

இன்றைக்கு அப்படி யாரும் செய்வதில்லை. சென்னையில் உள்ள இன்ஜினியரிங் டிசைன் அலுவலகங்களில்கூட, எங்கோ ஒரு நாட்டில் எழும்பப்போகும் சுத்திகரிப்பு ஆலையின் குழாய்களை இளம் பொறியாளர்கள் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். சாக்பீஸ் போய்விட்டது. ஆனால், சாக்பீஸ் காலத்துக் கேள்வி ஒன்று அப்படியே நிற்கிறது: கணக்கில் போடும் எண்கள் எங்கிருந்து வருகின்றன?

பைப் ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் என்றால் என்ன?

தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி ஏன் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சூடானால் இரும்பு நீளும். குழாய்க்கும் அதே கதைதான்.

50 மீட்டர் நீளமுள்ள ஒரு சாதாரண எஃகுக் குழாயை எடுத்துக்கொள்வோம். 30 டிகிரியில் இருந்து 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடானால் அது சுமார் 10 சென்டிமீட்டர் நீளும். நீள இடம் கொடுக்காமல் இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டிவிட்டால், உள்ளே உருவாகும் தகைவு அந்த எஃகு தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும். ஒன்று குழாய் வளையும். இல்லையென்றால், அது இணைந்திருக்கும் பம்ப்பையோ டேங்கையோ பிடித்துத் தள்ளும்.

எங்கே வளைவு வைப்பது, எங்கே தாங்கி வைப்பது, எங்கே அசைய விடுவது என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வதுதான் பைப் ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ். ரசாயன ஆலைகளுக்கு ஏஎஸ்எம்இ பி31.3 போன்ற விதிமுறைகள் இருக்கின்றன. சீசர் டூ போன்ற மென்பொருள்களும் இருக்கின்றன. எண்களைக் கொடுத்தால் சில நிமிடங்களில் விடை வந்துவிடும்.

சிக்கல் எண்களைக் கொடுப்பதில்தான்.

என்னென்ன தரவு வேண்டும்?

ஒரே ஒரு குழாய்க்குக்கூடப் பட்டியல் நீளமானது. வெப்பநிலை, அழுத்தம், உள்ளே ஓடும் திரவத்தின் அடர்த்தி எல்லாம் பிராசஸ் பிரிவு தரும் லைன் லிஸ்ட்டில் இருக்கும். குழாயின் உலோகம், தடிமன், துருவுக்காக விடும் கூடுதல் தடிமன் ஆகியவை மெட்டீரியல் ஸ்பெக்கில் இருக்கும். எங்கே திரும்புகிறது, எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது ஐசோமெட்ரிக் வரைபடத்தில் இருக்கும்.

அதோடு முடிந்ததா? இல்லை. வால்வின் எடை அதைச் செய்யும் நிறுவனத்திடம் இருந்து வரவேண்டும். பம்ப்பின் வாய் எவ்வளவு விசையைத் தாங்கும் என்பதைப் பம்ப் உற்பத்தியாளர் சொல்ல வேண்டும். பெரிய டேங்க் நாளடைவில் எத்தனை மில்லிமீட்டர் மண்ணில் இறங்கும் என்பதைச் சிவில் பிரிவு சொல்ல வேண்டும். காற்று, நிலநடுக்கம் தனி.

ஆக, நான்கைந்து பிரிவுகள், பல நிறுவனங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதியில் அனுப்பும் காகிதங்கள். இவை எல்லாம் கடைசியில் ஒரு ஸ்ட்ரெஸ் இன்ஜினியரின் மேசையில் வந்து விழுகின்றன. பல நேரங்களில், அவர்தான் மின்னஞ்சல்களுக்குள் தேடித் தேடி அவற்றை எடுக்க வேண்டியிருக்கிறது.

தவறு எங்கே நுழைகிறது?

கணக்குத் தெரியாததால் வரும் தவறைவிட, சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்காரும் தவறுதான் ஆபத்தானது.

வால்வின் எடை இன்னும் வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டால், மென்பொருள் அதை எடையே இல்லாத துண்டாக எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுவிடும். நூற்றுக்கணக்கான கிலோ தொங்கும் இடத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரி அறிக்கை பச்சையாக வந்து நிற்கும்.

எரிவாயு போகும் 24 அங்குலக் குழாய் ஒன்று. உள்ளே வாயுதான், எடை குறைவு என்று விட்டுவிடலாமா? ஆலையை இயக்கும் முன் அதே குழாயில் தண்ணீர் நிரப்பித்தான் சோதிப்பார்கள். அப்போது ஒவ்வொரு மீட்டரிலும் சுமார் 270 கிலோ தண்ணீர் இருக்கும். அந்தத் தரவு விடுபட்டால், ஆலை ஓடத் தொடங்கும் முன்பே தாங்கிகள் திணறும்.

அலகும் அப்படித்தான். வெறுமனே 150 என்று எழுதியிருந்தால் அது செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா? 150 ஃபாரன்ஹீட் என்பது வெறும் 66 செல்சியஸ்.

எல்லாவற்றையும்விடக் கள்ளத்தனமானது பழைய திருத்தம். லைன் லிஸ்ட்டின் இரண்டாவது திருத்தத்தை வைத்துக் கணக்கு முடிந்திருக்கும். நான்காவது திருத்தத்தில் வெப்பநிலை உயர்ந்திருக்கும். கணக்கு போட்டவருக்கு அது யாராலும் சொல்லப்பட்டிருக்காது.

ஃப்ளிக்ஸ்பரோவில் விடுபட்டது என்ன?

அங்கே கணக்கே போடவில்லை என்று சொல்ல முடியாது. 20 அங்குலக் குழாயில் தேவையான அளவு திரவம் ஓடுமா, நேரான குழாயாக அது அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்த்தார்கள். இரண்டுக்கும் விடை சரியாகவே இருந்தது.

ஆனால், குழாய் நேராக இல்லை. ரியாக்டர்கள் படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று தாழ்வாக இருந்ததால், குழாய் நடுவில் இரண்டு முறை மடங்கியது. இரு முனைகளிலும் துருத்தி போல நெளியக்கூடிய பெல்லோஸ் என்ற இணைப்புகள் இருந்தன. 28 அங்குல அகலம் கொண்ட அந்த இணைப்புகளின் மேல் உள் அழுத்தம் தள்ளும் விசை 30 டன்னைத் தாண்டும். முனைகள் வெவ்வேறு உயரத்தில் இருந்ததால், அந்த விசை குழாயைத் திருகப் பார்க்கும். இந்த விசையைக் கணக்கில் யாருமே சேர்க்கவில்லை. குழாய் நின்றதோ சாரக்கட்டுக் கம்பிகளின் மேல்.

சோதனையும் செய்தார்கள், கசிகிறதா என்று பார்க்க. 9 கிலோ அழுத்தம் வரை. ஆனால் ஆலையின் பாதுகாப்பு வால்வு திறப்பதோ சதுர சென்டிமீட்டருக்கு 11 கிலோவில். இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால், யாராவது ஒருவர் கேட்டிருப்பார். கேட்க வேண்டிய வொர்க்ஸ் இன்ஜினியர் பதவியும் அப்போது காலியாக இருந்தது.

என்ன செய்யலாம்?

இதற்குப் புதிய மென்பொருள் தேவையில்லை. ஒரு அட்டவணை போதும், ஒழுங்காக வைத்திருந்தால்.

கணக்கில் நுழையும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். எந்த ஆவணத்தில் இருந்து வந்தது? அந்த ஆவணத்தின் எத்தனையாவது திருத்தம்? அந்த எண் உறுதியானதா, தற்காலிகமானதா, இல்லை அனுமானமா?

அனுமானம் செய்வது குற்றமில்லை. பம்ப் வரைபடம் வரும்வரை வேலையை நிறுத்தி வைக்க எந்தத் திட்டத்தாலும் முடியாது. ஆனால் அனுமானத்தை அனுமானம் என்று எழுதி வைக்காமல் விடுவது ஆபத்து. இரண்டு மாதம் கழித்து அதே எண் உண்மை மாதிரி உட்கார்ந்திருக்கும். அதை எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

காலி இடத்தைக் காலியாக விடக் கூடாது. 'வரவில்லை' என்றே எழுத வேண்டும். திருத்தம் வந்தால், எந்தெந்தக் கணக்கை அது தொடுகிறது என்று சொல்லும் பொறுப்பு, திருத்தம் அனுப்பும் பிரிவுக்கும் இருக்க வேண்டும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது ஸ்ட்ரெஸ் இன்ஜினியரின் தலையெழுத்து என்று விட்டுவிடக் கூடாது.

"அதுக்கெல்லாம் நேரம் எங்கே இருக்கு?"

இந்தக் கேள்வி நியாயமானதுதான். தேதி நகராது, வெண்டர் வரைபடம் வராது, மேலாளர் மட்டும் தினமும் கேட்பார். ஆனால் நேரம் மிச்சமாவதில்லை, அது வேறு இடத்தில் செலவாகிறது. பேப்பரில் மாற்ற ஒரு மணி நேரம் ஆகும் ஒரு தாங்கியை, கான்கிரீட் போட்ட பிறகு மாற்றினால் என்ன ஆகும் என்று தளத்தில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. ஏதாவது நடந்தால், அறிக்கையின் அடியில் கையெழுத்து போட்டவரைத்தான் முதலில் கேட்பார்கள். அது பெரும்பாலும் அனுபவம் குறைந்த ஓர் இளைஞராக இருக்கும். அவருக்கு எண்ணைக் கொடுத்தவர்களின் பெயர் எங்கும் இருக்காது. தரவு அட்டவணை ஆலையைக் காப்பாற்றுவது போலவே, அந்த இளைஞரையும் காப்பாற்றும்.

எனவே, பச்சை நிற அறிக்கையைப் பார்த்ததும் மேலாளர்கள் கேட்க வேண்டியது "பாஸ் ஆயிடுச்சா?" என்பதை அல்ல. "இதில் எத்தனை எண்கள் இன்னும் அனுமானத்தில் இருக்கு?" என்பதைத்தான்.