கங்கைகொண்ட சோழபுரம்: கோயில் மட்டும் போதுமா?

இந்தியாவுக்கு யாத்திரை செல்லும் நம்மவர் சிதம்பரத்தையும் தஞ்சையையும் தவறவிடுவதில்லை. அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தை எட்டிப்பார்ப்போரோ சிலரே. அவர்களும் விமானத்தை அண்ணாந்து நோக்கி, அர்ச்சனை முடித்து, அரைமணி நேரத்தில் வண்டியேறிவிடுகின்றனர். இது பெருங்குறை என்பதே நம் கருத்து.

கோயிலின் அழகைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. இராசராசன் எழுப்பிய தஞ்சை விமானம் நேராக உயர்ந்து செல்வது; அவன் மைந்தன் இராசேந்திரன் எழுப்பிய இவ்விமானம் உயரத்தாற் சிறிது குறைந்து, உள்வாங்கி வளைந்து மேலேறுவது. வடபுற வாயிலருகே, உமையோடமர்ந்த இறைவன் சண்டேசரின் தலையில் தன் கையாலேயே மலர்மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. அதன்முன் நிற்பவர் எளிதில் நகரமாட்டார். 2004 ஆம் ஆண்டில் இக்கோயில் உலக மரபுச் சின்னங்களின் வரிசையிற் சேர்க்கப்பட்டது தகுதியானதே.

ஆயினும் இது தனித்து நின்ற கோயிலன்று. சுமார் 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராய் விளங்கிய பேரூரின் நடுவே நின்ற கோயில். அப்பேரூர் எங்கே? அயற் சிற்றூர்களின் பெயரில் அது ஒளிந்திருக்கிறது. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்னும் பெயர்களைக் கேட்டாலே பழைய நகரின் அமைப்புக் கண்முன் தோன்றுகிறதன்றோ? கோயிலுக்குத் தென்மேற்கே சிறிது தொலைவில் மாளிகைமேடு. அங்கே தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது அரண்மனையின் செங்கற் சுவர்களும் கூரையோடுகளும் சீனத்துப் பீங்கான் துண்டுகளும் வெளிப்பட்டன. கடல்கடந்து படை செலுத்திய அரசின் இல்லத்திலே சீனத்துக் கலம் கிடைத்தது வியப்பன்று. வியப்பெல்லாம், அவ்வரண்மனையில் அடித்தளத்துக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே எஞ்சாமற் போனதுதான்.

மேற்கே சோழகங்கம் என்னும் ஏரி. இன்று பொன்னேரி என்பர். கங்கைவரை சென்ற வெற்றிக்கு நினைவாக இராசேந்திரன் கல்தூண் நாட்டவில்லை, ஏரி வெட்டினான். திருவாலங்காட்டுச் செப்பேடு இதனை நீரால் அமைந்த வெற்றித்தூண் என்று கூறுகிறது. அதன் கரை 16 மைல் நீண்டதென்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புக்கள் உரைக்கின்றன. பிற்காலத்தில் அது தூர்ந்து, பெரும்பகுதி காடாயிற்று.

இனி, சொல்லக் கசப்பான செய்தியொன்று. கும்பகோணத்திலிருந்து வருவோர் அணைக்கரையிலே கொள்ளிடத்தைக் கடக்கின்றனர். அங்குள்ள கீழணையை 1836 இல் ஆங்கில ஆட்சியினர் கட்டியபோது, இக்கோயிலின் மதிலைப் பெயர்த்தே கல் எடுத்தனர். சிற்பக் கற்களும் தப்பவில்லை. ஏழை மக்கள் தம்மாலியன்றவரை தடுத்தனர், தடுத்தமைக்காகத் தண்டிக்கப்பட்டனர். கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாக அளித்த வாக்கும் நிறைவேறவில்லையென அந்நூற்றாண்டிலேயே எழுதிவைத்துள்ளனர். அணையால் வயல்கள் செழித்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால், தம் கோயிலைக் காக்க முன்னின்ற குடிகளின் பெயரொன்றுகூட நமக்குக் கிட்டவில்லையே! கல்வெட்டுக்களில் மன்னரின் மெய்க்கீர்த்தியை வரிவரியாகப் படிக்கிறோம். அம்மக்களுக்கு ஒரு வரியேனும் வேண்டாமா? கீழணையிலே அச்செய்தியைப் பொறித்து ஒரு கல் நாட்டுதல் அரசின் கடமை.

2025 ஆம் ஆண்டு ஆடித் திருவாதிரை விழாவுக்கு இந்தியப் பிரதமரே இங்கு வந்தார். இராசராசனுக்கும் இராசேந்திரனுக்கும் தமிழ்நாட்டிற் பெருஞ்சிலைகள் அமைக்கப்படுமென்றார். மாநில அரசும் தன் பங்குக்கு விழா எடுத்தது. ஏரியைச் சீர்செய்யப் போவதாகவும் அறிவித்தது. இவ்விரண்டில் நமக்கு உவப்பானது பின்னதே. சிலையினால் ஒரு குழி நிலமும் நனையாது. வெற்றிப் புகழோ இருமுனை வாள். இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாட்டிலே மாண்டதும் இவ்விராசேந்திரன் காலத்திலேதான். பொலநறுவையில் அவன் தாயின் பெயரால் நிற்கும் வானவன் மாதேவி ஈச்சரத்தைத் தொழும் நாம் அதையும் அறிந்தே தொழுகிறோம். ஏரியோ எவரையும் தோற்கடித்ததன்று. அதை ஆழப்படுத்திக் கரையுயர்த்துவதும், மாளிகைமேட்டைச் சூழ்ந்த நிலங்களில் அகழாய்வைத் தொடர்வதும், வீடும் சாலையும் பெருகுமுன் அந்நிலங்களைக் காப்பதும் சிலைக்கு முன்னே செய்யத்தக்கன. அவ்வூர் உழவரின் நிலத்தை எடுப்பதாயின் தக்க விலை கொடுத்தே எடுக்கவேண்டும். 1836 இன் வாக்குறுதி போன்றதொன்று அவர்களுக்கு இனியும் வேண்டாம்.

செல்ல எண்ணுவோர் ஒரு முழுநாளை ஒதுக்குக. காலையில் அணைக்கரையில் இறங்கிக் கீழணையின் கற்களைப் பார்த்துவிட்டு, அதன்பின் கோயிலுக்குச் செல்லலாம். உச்சிக்குப்பின் சந்நிதி சாத்தப்பட்டிருக்கும் நேரம் மாளிகைமேட்டுக்குப் போதும். மாலையில், வெயில் தாழ்ந்தபின், பொன்னேரிக் கரைக்குச் செல்க.