லோரிக் கதவில் யார் பெயர்?

பெர்மிட் என்றால் நம்மில் பலருக்கு அது ஒரு சொத்து. வைத்திருப்பவர் ராஜா. தானே ஓட்டலாம், வாடகைக்கும் விடலாம், மாதம் பிறந்தால் காசு. இந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2025-ஆம் ஆண்டு நமக்கு இரண்டு முறை காட்டியது.

மே 13-ஆம் தேதி காலை, தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழாவுக்குக் காவல் பணி செய்துவிட்டுத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீசாரின் வாகனமும், கல் ஏற்றி வந்த லோரியும் மோதிக்கொண்டன. ஒன்பது பேர் உயிரிழந்தனர். நம் திருவிழாவில் நமக்காக நின்றவர்கள் அவர்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 9 அதிகாலையில் கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் சென்ற பேருந்து கவிழ்ந்து 15 பேர் மாண்டனர். பேருந்தை நடத்தியவர் ஒருவர், பெர்மிட் இன்னொரு நிறுவனத்துடையது, அது குத்தகைக்கு விடப்பட்டிருந்தது என்று போக்குவரத்து அமைச்சு அறிவித்தது. அந்த நிறுவனத்தின் உரிமமும் ரத்தானது.

பேருந்தில் நடப்பது லோரியிலும் நடக்கிறது. மாலை நேர நிகழ்ச்சி நடத்தும் எனக்கு இது புதிய செய்தி அல்ல. நெடுஞ்சாலையில் இருந்து பாட்டுக் கேட்டுக் குரல் பதிவு அனுப்பும் நேயர்களில் லோரி ஓட்டுநர்கள் நிறைய. கிள்ளானில் டிரெய்லர் ஓட்டும் ஓர் அண்ணன் ஒருநாள் இப்படி அனுப்பியிருந்தார்: "தங்கச்சி, எனக்குச் சம்பளம் குடுக்கறவரு ஒருத்தரு. லோரிக் கதவுல இருக்கற பேரு வேற ஒருத்தரு. அவர நான் பார்த்ததே இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உரிமம் எதற்கு என்று கேட்டால், பொறுப்பு யாருடையது என்று தெரிவதற்குத்தான். தீபகற்ப மலேசியாவில் சரக்கு லோரி மூன்று கதவுகளைத் தாண்டித்தான் சாலைக்கு வர வேண்டும். ஓட்டுநருக்குச் சாலைப் போக்குவரத்து இலாகா தரும் ஜி.டி.எல். உரிமம் ஒன்று. வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில்நுட்பப் பரிசோதனை இரண்டு. வண்டியை வைத்துத் தொழில் நடத்தும் நிறுவனத்துக்கு 2010-ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் உரிமம் மூன்று. முன்பு இதை எல்.பி.கே.பி. வாரியம் கொடுத்தது, பிறகு ஸ்பாட் ஆணையம். 2019 முதல் போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள அப்பாட் கொடுக்கிறது. சபா, சரவாக்கில் இன்னும் எல்.பி.கே.பி.தான்.

இதில் இரண்டு வகை உண்டு. கூலி வாங்கிக்கொண்டு பிறர் சரக்கை ஏற்ற வேண்டுமானால் 'பெம்பாவா ஏ'. தன் கடைச் சரக்கையே தன் லோரியில் ஏற்றினால் 'பெம்பாவா சி'. மளிகைக் கடைக்காரர் 'சி' உரிமத்தில் ஓடும் லோரியை ஞாயிற்றுக்கிழமை வீடு மாற்ற வாடகைக்கு விட்டால், அது சட்டப்படி தவறு. வீடு மாற்றும்போது நாம் விலையைக் கேட்கிறோம், ஆள் எத்தனை பேர் என்று கேட்கிறோம். உரிமம் என்ன வகை என்று கேட்பதில்லை.

எல்லையைத் தாண்டினால் கணக்கு இன்னும் கடினம். நம் உரிமம் நம் மண்ணுக்குத்தான். சிங்கப்பூருக்குள் போகும் நம் சரக்கு லோரிக்கு அந்த நாட்டின் அனுமதி தனியாக வேண்டும். தாய்லாந்து லோரிகள் கெட்டுப்போகும் பொருள்களுடன் நம் நாட்டைக் கடந்து சிங்கப்பூர் போக 1979-லேயே இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. ஆசியான் நாடுகளுக்கிடையே சரக்கு கடந்து செல்வதற்கான பொது ஒப்பந்தம் 1998 டிசம்பரில் ஹனோயில் கையெழுத்தானது. இன்றும் புக்கிட் காயு ஹீத்தாம் பக்கம் ஒரு லோரியில் இருந்து இன்னொரு லோரிக்குச் சரக்கு மாறுவது சாதாரணக் காட்சி. அடுத்த நாட்டு லோரி தன் நாட்டில் ஓட வேண்டுமென்றால், விபத்து நேர்ந்தால் யாரைப் பிடிப்பது என்று ஒவ்வொரு அரசாங்கமும் முதலில் கேட்கிறது. எல்லையில் அவ்வளவு கறாராகக் கேட்கப்படும் அந்தக் கேள்வி, ஊருக்குள் பெர்மிட் கைமாறும்போது காணாமல் போகிறது.

குத்தகைக்கு எடுப்பவர் எல்லாரும் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. இருபது வருடம் பிறர் லோரியை ஓட்டி, சேமித்த பணத்தில் சொந்தமாக ஒன்று வாங்கியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நிறுவனம் பதிய வேண்டும், மூலதனம் காட்ட வேண்டும், பாரம் பாரமாகப் படிவம் நிரப்ப வேண்டும் என்றதும் மலைத்துப் போகிறார்கள். பெர்மிட் வைத்திருப்பவரிடம் மாதவாடகை கொடுத்துவிடுவது சுலபம். ஆனால் அந்த வாடகையும் சேர்ந்துதானே செலவு? அதை ஈடுகட்ட ஒரு டிரிப் கூடுதல், சில டன் கூடுதல், பிரேக் மாற்றுவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளுதல். பெர்மிட்காரருக்கு வண்டி எப்படி ஓடுகிறது என்று தெரியாது. வண்டிக்காரர் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. நடுவில் உட்கார்ந்திருப்பவர் ஓட்டுநர்.

அதனால் இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும் என்பது என் கருத்து. குத்தகையை அடியோடு நிறுத்துங்கள். ஒன்றிரண்டு லோரி வைத்திருக்கும் சிறு தொழில் செய்பவர் தன் பெயரிலேயே 'ஏ' உரிமம் பெறும் வழியையும் சுலபமாக்குங்கள். முதலாவதை மட்டும் செய்தால், குத்தகை வேறொரு பெயரில் திரும்பி வரும்.

வீட்டில் லோரி ஓட்டுபவர் இருந்தால், அப்பாவோ அண்ணனோ கணவரோ, இந்த வாரம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். லோரிக் கதவில் எழுதியிருக்கும் நிறுவனமும் சம்பளம் கொடுக்கும் நிறுவனமும் ஒன்றா? சம்பளச் சீட்டு உண்டா? இ.பி.எஃப்., பெர்கேசோ பங்கு யார் பெயரில் கட்டப்படுகிறது? கதவில் பி.டி.எம். என்று எழுதியிருக்கும் மொத்த எடைக்கு மேல் ஏற்றச் சொல்கிறார்களா? சொந்த லோரி ஓட்டுபவர் என்றால், 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்கேசோவில் தானே பதிந்துகொள்ளலாம்.

கேட்டால் வீட்டில் சண்டை வரலாம். "உனக்கு என்ன தெரியும், வேலை போயிடும்" என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் கேளுங்கள். ஒன்று நடந்த பிறகு பெர்கேசோ அலுவலகத்தில் "முதலாளி யார்?" என்று கேட்கும்போது பதில் தெரியாமல் நிற்பது அவர் அல்ல, அவருடைய மனைவியும் பிள்ளைகளும்.